முதல் எண்ணைத் தேடி அலைய வேண்டாம்

கேள்வி: சிறு வயதில் மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து தந்த இரண்டு ஆங்கில ஸ்பைடர்மேன் இதழ்கள் என்னிடம் உள்ளன. ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ தொடரின் பழைய இதழ்களை முழுமையாகச் சேர்க்க ஆசைப்படுகிறேன். கோவையில் ஒருவர் முதல் இதழ் இருக்கிறது, ஆறாயிரம் ரூபாய் என்கிறார். அதிலிருந்து தொடங்கலாமா? பிற்காலத்தில் விலை ஏறும் அல்லவா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தொடங்க வேண்டாம். 1963 மார்ச் என்று தேதியிட்ட அசல் முதல் இதழைக் கையில் வைத்திருப்பவர் யாரும் அதற்கு ஆறாயிரம் ரூபாய் கேட்கமாட்டார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் பின்னாளில் ‘1’ என்று எண்ணிட்டு வெளிவந்த இதழ்களில் ஒன்றாகவோ, பழையதன் மறுபதிப்பாகவோ இருக்கும். மார்வல் நிறுவனம் 441 இதழ்கள் வெளியிட்ட பிறகு, 1999ஆம் ஆண்டில் பழைய வரிசையைக் கைவிட்டு மறுபடி 1 என்று ஆரம்பித்தது. 2003இல் மனம் மாறிப் பழைய கணக்கைக் கூட்டி 500 என்று அச்சிட்டது. 2012 இறுதியில் 700ஆம் இதழோடு நிறுத்திவிட்டு, 2014, 2015, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஆகவே எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது, கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தெருப் பெயர் தெரியாமல் வீடு தேடுவதற்குச் சமம். முதல் பக்கத்தின் அடியிலோ உட்பக்கம் ஒன்றிலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பதிப்பு விவரத்தில் ஆண்டைப் பாருங்கள். விற்பவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பத் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அசல் முதல் இதழும் கதையின் தொடக்கம் அன்று. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த இந்த நாயகன் முதலில் தோன்றியது ‘அமேசிங் ஃபேன்டசி’ என்ற வேறொரு இதழின் 15ஆம் எண்ணில், 1962 ஆகஸ்டில். நன்கு பாதுகாக்கப்பட்ட அதன் பிரதி ஒன்று 2021ஆம் ஆண்டு அமெரிக்க ஏலத்தில் 36 லட்சம் டாலருக்குப் போயிற்று. முழுமையாகச் சேர்ப்பது என்ற உங்கள் சொல்லை இந்தத் தொகைக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பத்தியைப் படியுங்கள்.

தொடக்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாமா தந்த இரண்டு இதழ்களின் எண்களை நீங்கள் எங்களுக்கு எழுதவில்லை. ஆனால் நீங்கள் புறப்பட வேண்டிய இடம் அவைதாம். இந்தத் தொடரை எழுத்தாளரும் ஓவியரும் மாறும் இடங்களில் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம். டிட்கோ 38ஆம் இதழ்வரை வரைந்தார். 1966 ஆகஸ்ட் மாதத்து 39ஆம் இதழிலிருந்து ஜான் ரொமீட்டா வந்தார். இதழின் முகமே மாறியது. உங்களிடம் உள்ளவை எந்தக் கூட்டணியின் காலத்தவை என்று கண்டறிந்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நிரப்பிக்கொண்டே போங்கள். படித்த கதையின் விட்டுப்போன பகுதியைத் தேடுபவருக்கு இருக்கும் பொறுமை, பட்டியலை வைத்துக்கொண்டு தேடுபவருக்கு வராது.

அவ்விரண்டும் தொடரில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவான எண்களாக இருந்தால், ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய பகுதியைப் பரிந்துரைப்போம். 1982 ஜனவரி தேதியிட்ட 224ஆம் இதழில் தொடங்கி 1984 மார்ச் மாதத்து 250ஆம் இதழ்வரை, 228 நீங்கலாக, அவர் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ரொமீட்டாவின் மகனான இளைய ஜான் ரொமீட்டா. தடுக்கவே முடியாத வில்லன் ஜக்கர்நாட்டைத் தனியொருவனாக நம் நாயகன் எதிர்கொள்ளும் 229, 230ஆம் இதழ்கள் இதில் அடக்கம். 248ஆம் இதழில், ஸ்பைடர்மேன் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறுவனைப் பற்றிய சிறுகதை இருக்கிறது. சண்டை ஏதுமற்ற அந்தச் சில பக்கங்களுக்காகவே இந்த வரிசையைச் சேர்க்கலாம் என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து. ஹாப்காப்ளின் என்ற வில்லன் முதலில் தோன்றும் 238 மட்டும் விலை கூடியது. அதனுள் தோலில் ஒட்டிக்கொள்ளும் படத்தாள் ஒன்றும் இணைப்பாக வந்தது. அது இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். அதுபோலவே, 1974, 1975ஆம் ஆண்டுகளின் மார்வல் இதழ்களில் வெட்டி ஒட்டுவதற்கென்று தபால்தலை போன்ற படம் அச்சிட்டிருந்தார்கள். அக்காலத்துச் சிறுவர்கள் சொன்னபடியே வெட்டினார்கள். அந்த ஆண்டுகளின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒற்றை இதழாக வரவழைத்தால் தபால் செலவு இதழின் விலையை விழுங்கிவிடும். பத்து, இருபது இதழ்களாகச் சேர்த்துத் தருபவரிடம் வாங்குங்கள். மாதம் ஒருமுறை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்வருவதும் வீண் அன்று. நல்ல நாளில் 1980, 90களின் ஒற்றைப் பிரதிகள் சொற்ப விலைக்கு அகப்படலாம். கடைக்காரரிடம் ‘ஸ்பைடர்’ என்று மட்டும் கேட்டால் சிவகாசி லயன் காமிக்ஸை எடுத்து நீட்டுவார். அந்த ஸ்பைடர் 1965இல் பிரிட்டன் வார இதழில் பிறந்த, குற்றவாளியாக இருந்து திருந்திய வேறொரு ஆசாமி. அதைச் சேர்ப்பவர்களின் உலகமும் போட்டியும் தனி.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு வருவோம். 1990இல் டாட் மெக்ஃபார்லேன் எழுதி வரைந்த புதிய ‘ஸ்பைடர்மேன்’ தொடரின் முதல் இதழ் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வருங்காலத்தில் விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் பிரிக்காமலே பெட்டியில் பூட்டிவைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எவருக்கும் அது அரிய பொருளாகவில்லை. இன்றும் அதன் சாதாரணப் பிரதி மலிவாகவே கிடைக்கிறது. விலை ஏறுவதற்கு இதழ் பழையதாக இருந்தால் போதாது, பெரும்பாலோர் அதைத் தொலைத்திருக்கவும் வேண்டும். லாபம்தான் குறிக்கோள் என்றால் உங்கள் பணத்துக்குச் சீட்டோ நிலமோ பாருங்கள். எங்களிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் உங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பாலக்காட்டின் மேற்குப் பகுதிகளை நனைக்கும் அளவுக்குக் கிழக்கே உங்கள் சித்தூர் வட்டாரத்தை நனைப்பதில்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதிக்குக் குறைவில்லை. ஆகவே ஒவ்வொரு இதழையும் அமிலமற்ற அட்டையுடன் தெளிவான உறையிலிட்டு, மூடியுள்ள பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த பின்னை நீங்களாகப் பிடுங்காதீர்கள். நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு உள்ள பழைய வழக்கப்படி பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்யக் கொடுத்துவிடவும் வேண்டாம். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கும்போது படத்தின் ஓரமும் போகும்; நடுத்தையலில் வசனத்தின் முதல் எழுத்துகளும் மறைந்துவிடும்.