பார்க்காமலே பார்க்கும் மூளை

கேள்வி: பார்வை போன ஒருவர் எதிலும் இடிக்காமல் நடந்தாராமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 2008-ல் வெளியான ஆய்வு அது. அடுத்தடுத்து வந்த இரண்டு பக்கவாதங்களில் அவருடைய மூளையின் பின்புறப் பார்வைப் பகுதி இரு பக்கமும் செயலிழந்துவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை. பொருள்களைக் குறுக்கே பரப்பிய நீண்ட நடைபாதையில், கைத்தடி இல்லாமல் நடக்கச் சொன்னார்கள். இப்படி ஒதுங்கி, அப்படி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தார். ஒதுங்கியதே அவருக்குத் தெரியவில்லை! அந்தக் காணொளியை எப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நடிப்பில்லை. தயவுசெய்து யாரையும் அப்படிச் சந்தேகிக்காதீர்கள். விழித்திரையிலிருந்து வரும் நரம்பிழைகளில் பெரும்பகுதி, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாக, மூளையின் பின்புறப் பார்வைப் பகுதிக்குப் போகிறது. ‘நான் பார்க்கிறேன்’ என்ற உணர்வுக்கு அந்தப் பாதை முக்கியம். அப்புறம், நடுமூளைக்குப் போகும் சின்னக் குறுக்குவழி ஒன்றும் உண்டு. பரிணாமத்தில் பழையது. கண்ணையும் தலையையும் சட்டெனத் திருப்ப வைப்பது அதுதான். பெரிய சாலை அடைபட்டாலும் இந்தச் சந்து திறந்தே இருக்கலாம்.

இதற்கு ‘பார்வையற்ற பார்வை’ என்று பெயர். உளவியல் ஆய்வாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழு 1974-லேயே, ஒரு பக்கப் பார்வையை இழந்த நோயாளி ஒருவரிடம் இதைக் காட்டியது. தெரியாத பக்கத்தில் ஒளிப்புள்ளி எங்கே என்று ‘சும்மா ஊகித்துக் காட்டுங்கள்’ என்றார்கள். பெரும்பாலும் சரியாகவே காட்டினார். முடிவைச் சொன்னதும் அவரே அசந்துபோனார்.