கேம் கேள்வி பதில்: ஹாஃப் லைஃப்

கேள்வி: ஹாஃப் லைஃப் 1998-ல வந்த கேம். நான் புதுசா வந்த ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை கேம் மட்டும்தான் ஆடியிருக்கேன், இப்போ போய் ஆடினா பிடிக்குமா? இல்ல பழைய ஆளுங்க பாசத்துல புகழ்றாங்களா?

பதில்: தாராளமா ஆடுங்க, பிடிக்கும். கிராஃபிக்ஸ் பழசுதான், குவேக்ங்கற வேற கேமோட எஞ்சினை வாங்கி, இதை செஞ்ச வால்வ் கம்பெனி ஆளுங்க மாத்திக் கட்டினது, மூஞ்சி எல்லாம் சதுரமா இருக்கும், ஒரே சயின்டிஸ்ட் முகம் திரும்பத் திரும்ப வரும். ஆனா இந்த கேம்ல ஆட்டத்தை நிறுத்தி சினிமா மாதிரி ஓட்டற கட்சீன்னு ஒண்ணு கிடையாது, கேமரா கடைசி வரைக்கும் நாம ஆடற சயின்டிஸ்ட் கார்டன் ஃப்ரீமேன் கண்ணை விட்டு வெளிய போகாது, ஆரம்பத்துல ட்ராம்ல உக்காந்து பிளாக் மெசா லேபுக்குள்ள போறதுலேர்ந்து எக்ஸ்பெரிமென்ட் வெடிச்சு எல்லாம் நாசமாகிற வரைக்கும் நடக்கிறதை நீங்களே நின்னு பாக்கறீங்க, அதனாலதான் அந்த பயம் நம்ம பயமாவே ஆகுது.

பிளாஸ்ட் பிட் சேப்டர் ஒண்ணு போதும் உதாரணத்துக்கு. பெரிய குழிக்குள்ள மூணு ராட்சசக் கை, அதுக்கு கண்ணு தெரியாது, சத்தம் கேட்டா கொத்தும். குனிஞ்சு மெதுவா நடக்கணும், இல்லாட்டி கிரெனேடை வேற பக்கம் வீசி திசை திருப்பணும். துப்பாக்கியால கொல்லவே முடியாது, ஃபியூயல், ஆக்சிஜன், பவர் மூணையும் ஆன் பண்ணிட்டு மேல இருக்கிற ராக்கெட் எஞ்சினை ஓட்டித்தான் எரிக்கணும். இதை யாரும் நீளமா பாடம் எடுக்கறதில்ல, அங்க இருக்கிற ஆளுங்க போற போக்குல சொல்ற துப்பையும் இடத்தையும் வெச்சு நாமளே புரிஞ்சுக்கறோம். லெவல் டிசைன்னா எனக்கு இதுதான்.

கேள்வி: மிலிட்டரி வந்ததும் செத்துக்கிட்டே இருக்கேன், என்ன பண்ணறது?

பதில்: ஒரே இடத்துல ஒளிஞ்சு நிக்காதீங்க, அப்படி நின்னா கிரெனேடு வந்து விழும். இன்னொண்ணு, அவங்க எல்லாரும் ஒரே நேரத்துல சுடமாட்டாங்க, ஒரு ஸ்குவாடுல ரெண்டு பேர் சுடும்போது மத்தவங்க இடம் மாறுவாங்க, அந்த மாதிரி புரோகிராம் பண்ணியிருக்காங்க. அதனால நீங்களும் மூலைக்கு மூலை மாறிக்கிட்டே, இடம் மாறி பக்கத்துல வர்றவனை ஷாட்கன்ல ஒரே நேரத்துல ரெண்டு தோட்டாவா சேத்து சுடுங்க, கூட்டமா இருந்தா எம்பி5 துப்பாக்கில இருக்கிற கிரெனேடு லாஞ்சர். அப்புறம் குவிக் சேவ், அதாவது ஆடற இடத்தை ஒரே பட்டன்ல சேமிச்சு வெக்கறது, கூச்சமே படாதீங்க, இந்த கேம் அதை நம்பித்தான் செஞ்சது, ஒரு கதவைத் திறந்தா சாவுங்கற இடம் நிறைய இருக்கு, அது ஒரு குறைதான்.

கேள்வி: கடைசில வர்ற ஜென்ங்கற ஏலியன் உலகம் அவ்வளவு மோசமா?

பதில்: மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா கேமோட பலம் எல்லாத்தையும் அங்க கீழ போட்டுடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். அதுவரைக்கும் ஆபீஸ், லேப், அணை, பாறை விளிம்புன்னு நம்பக்கூடிய இடம், புத்தியா சண்டை போடற எதிரி. ஜென்ல மிதக்கிற பாறைக்கு பாறை தாவறதுதான் வேலை, காலே தெரியாத ஃபர்ஸ்ட் பெர்சன் கேம்ல தாவறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, கால் தவறினா சேவ் பண்ண இடத்துலேர்ந்து லோடு, மறுபடி லோடு. கடைசி பெரிய எதிரி நிஹிலாந்த்தோட சண்டையும் அப்படித்தான், சுவர்ல இருக்கிற கிறிஸ்டலை முதல்ல உடைக்கலன்னா அது உயிரை ஏத்திக்கிட்டே இருக்கும், கூடவே உங்களை வேற வேற இடத்துக்கு தூக்கிப் போடும். ஆன் எ ரெயில் சேப்டரும் இழுவை, ஏணில ஏறி இறங்கறதும் வழுக்கும், ஆனா அதெல்லாம் பொறுத்துக்கலாம்.

கேள்வி: ஒரிஜினல் ஆடவா, பிளாக் மெசா ரீமேக் ஆடவா?

பதில்: முதல்ல ஒரிஜினல். 2023 நவம்பர்ல 25-வது வருஷத்துக்கு அப்டேட் குடுத்தாங்க, பெரிய ஸ்கிரீன்லயும் மெனு சரியா வருது, அப்லிங்க்ங்கற பழைய டெமோ கதையும் உள்ளயே சேத்துட்டாங்க. ரசிகர்கள் வருஷக்கணக்கா உழைச்சு 2020-ல முடிச்ச பிளாக் மெசால ஜென்னை முழுசா புதுசா கட்டியிருக்காங்க, கண்ணுக்கு அவ்வளவு அழகு, ஆன் எ ரெயிலையும் சுருக்கிட்டாங்க. ஆனா அந்த புது ஜென் தேவைக்கு மேல நீளம், கடைசி ஃபேக்டரி பகுதில எனக்கு பொறுமை போச்சு. ஒரிஜினல்ல ஜென் வந்ததும் நிறுத்தத் தோணினா, கடைசி சேப்டர்களை மட்டும் பிளாக் மெசால ஆடிக்கோங்க, கதை ஒண்ணும் விட்டுப்போகாது.