வெளிவராத கேமுக்கு இத்தனை சண்டையா?

கேள்வி: ஓர் ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் இன்னும் வெளிவரவே இல்லை. அதற்குள் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் கரித்துக் கொட்டுகிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகத் தரும் பதிப்பில், ஆடிப் பார்த்தவர்களை. டிரெய்லரை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்களை அப்புறம் கவனிக்கலாம். பீட்டாவில் நான் முதலில் பார்ப்பது, பையைத் திறந்து ஒரு வாளை மாற்ற எத்தனை கிளிக், எவ்வளவு காத்திருப்பு என்பதைத்தான். அதை ஆயிரம் தடவை செய்யப்போகிறோமே! ஃபைனல் ஃபேன்டஸி என்ற புகழ்பெற்ற கேம் வரிசையில் ஆன்லைன் கேமான ஃபைனல் ஃபேன்டஸி 14, 2010 செப்டம்பரில் வந்தபோது, அந்தப் பெயரை நம்பிக் காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள்; மெனுக்கள் அவ்வளவு மந்தம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தயாரிப்பாளரை மாற்றி, 2013 ஆகஸ்டில் புதிதாகவே கொண்டுவந்தது. இரண்டாம் வரவு பிரமாதமாக எடுபட்டது. அதனால் முன்பதிவுக்கு அவசரப்படாதீர்கள். முதல் வாரம் சர்வர் திணறினால், அதற்காக ஒதுக்கியும் விடாதீர்கள்.