அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரீன் ஆற்றில் பெரிய டிரவுட் மீன் எப்படிக் கிடைக்கிறது?

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: வறண்ட செம்பாறை நிலத்தில் குளிர்நீர் மீனுக்கு என்ன வேலை? எல்லாம் ஃபிளேமிங் கார்ஜ் அணையின் கைவரிசை.

1964-இல் அணை கட்டி முடியும்வரை அது கோடையில் வெதுவெதுப்பாக, சேறு கலந்து ஓடிய ஆறு. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து தண்ணீர் திறந்துவிட ஆரம்பித்ததும் ஆறு தெளிந்தது. ஆனால் டிரவுட்டுக்கே குளிர் அதிகமாகி, மீன் சரியாக வளரவில்லை. 1978-இல் வேறுவேறு ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் மதகு அமைப்பைப் பொருத்தினார்கள். கொஞ்சம் வெப்பமான நீர் வந்தது, மீன் பருத்தது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1962-இல் நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு ரோட்டனோன் நஞ்சைக் கலந்து நாட்டு மீன்களைக் கொன்றுவிட்டுத்தான் டிரவுட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள். எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

பிடிக்கும் முறைக்கு வருவோம். அணைக்குக் கீழே புழு, இறால் போன்ற உயிர் இரை கூடாது; கொக்கியில் பூச்சி உருவில் கட்டிய செயற்கை ஈயும் போலி இரையும் மட்டுமே. மே கடைசி, ஜூனில் சிள்வண்டுகள் தண்ணீரில் விழும்போது, அதே உருவில் கட்டிய பெரிய ஈயை மிதக்கவிடுங்கள். வழக்கமாக அடியில் கிடக்கும் மீன்கூட மேலே வந்து கவ்வும். உண்மையிலேயே பெரிய பிரவுன் டிரவுட் வேண்டுமென்றால் சின்ன மீன் உருவில் கட்டிய ‘ஸ்ட்ரீமர்’ ஈயை மேகமூட்டமான நாளில் கரையோரப் பாறைகளை ஒட்டி இழுங்கள். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், உங்கள் நிழல் விழுந்தாலே மீன் விலகிவிடும். அணை திறப்பு நேரத்தைப் பார்க்காமல் ஆற்றில் இறங்காதீர்கள்.