இரண்டு வருஷத்துக்கான காலுறைகள்

அன்புள்ள அக்கா,

வானியலாளர் கரோலின் ஹெர்ஷலைப் பற்றிய உங்கள் குறுநாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிட்டுக் குறைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, அவள் எங்குமே எதிர்த்துப் பேசுவதில்லை. அம்மா அடுப்படியில் கிட என்கிறாள், கிடக்கிறாள். அண்ணன் இங்கிலாந்துக்கு வா என்கிறான், போகிறாள். வழக்கத்தை மீறிய பெண் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டாவது, பல்லுக்கிடையே அடைப்பு வைத்துக்கொண்டு பாடிப் பழகும் காட்சி. கொஞ்சம் ஓவர். அதைவிட, கிளம்பும் நாளன்று அம்மா அவள் பெட்டியைத் திறந்து துணிகளைத் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடுகிறாளே, அதுதான் நிஜமாக இருந்தது. மூன்றாவது, இளம்பெண் வளரும் கதை என்று தொடங்கி 37 வயதில் கொண்டுபோய் முடிக்கிறீர்களே, இது என்ன கணக்கு?

அன்புடன்,
மீ.

அன்புள்ள மீ.,

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பெட்டிக் காட்சி முழுக்க என் கற்பனை. அடைப்பு வைத்துப் பாடியது கரோலினே தன் நினைவுக் குறிப்பில் எழுதியது. வரலாற்றுப் புனைவு எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நடந்ததை நடந்தபடியே வைத்தால் வாசகர் புருவத்தை உயர்த்துவார், நாமாகக் கட்டிய இடத்தில் கண் கலங்குவார்.

ஆனாலும் தவறு என்னுடையதுதான். அவள் ஏன் அப்படிப் பழகினாள் என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பாத் நகரில் இசைக்கலைஞராக இருந்த வில்லியம், தங்கையை அழைத்துவந்து பாடகியாக்கிப் பார்க்கலாம் என்று ஜெர்மனியில் ஹானோவரில் இருந்த வீட்டுக்கு எழுதுகிறார். மூத்த அண்ணன் ஜேக்கப் அதைக் கேலி செய்கிறார். அதனால் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, வயலினுக்கு எழுதப்பட்ட கச்சேரிப் பகுதிகளை, கமகம் உட்பட, பல்லுக்கிடையே அடைப்போடு தொண்டையில் கொண்டுவரப் பழகுகிறாள். ஜேக்கபின் கேலியை நான் வெட்டிவிட்டேன். கேலி போனதும் காட்சி வெறும் வித்தையாகத் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எதிர்த்துப் பேசாதது. முதல் வரைவில் பேசினாள். வண்டியில் ஏறும் முன் அம்மாவிடம் அரைப்பக்கம் பேசினாள். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அது அவள் குரல் இல்லை, என் குரல் என்று பட்டது. அடித்துவிட்டேன். 1772இல் அவளுக்கு 22 வயது. அப்பா இறந்து ஐந்து வருஷம். பத்து வயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலால் நாலேகால் அடியோடு வளர்ச்சி நின்றுவிட்டது. நீ அழகும் இல்லை, நம்மிடம் பணமும் இல்லை, உனக்குக் கல்யாணம் நடப்பது கஷ்டம் என்று அப்பாவே சொல்லியிருந்தார். அம்மாவுக்கோ படிப்பு என்றாலே பயம். கொஞ்சம் குறைவாகப் படித்திருந்தால் வில்லியம் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டான் என்பது அவள் வாதம். ஒரு தாயாக யோசித்தால் அந்த வாதத்தில் ஓட்டையும் இல்லை! இப்படி ஒரு வீட்டில் கதவை அறைந்து சாத்திவிட்டு எங்கே போவாள்?

அவள் செய்தது வேறு. உட்கார்ந்து காலுறை பின்னினாள். தான் போன பிறகு வீட்டாருக்குக் குறைந்தது இரண்டு வருஷத்துக்குக் காணும்படி பின்னி வைத்தாள். கதைக்கான குறிப்புகளைச் சேகரித்தபோது இந்த ஒரு தகவலில்தான் நான் அதிக நாள் நின்றேன். மகள் போனால் வீட்டில் என்ன குறையும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது: ஒரு ஜோடிக் கை. வில்லியமுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பணம் ஏற்பாடு செய்த பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. அண்ணன் பணமாகக் கொடுத்ததை இவள் நூலாகக் கொடுத்தாள். இதைக் கீழ்ப்படிதல் என்று நீங்கள் படித்தால் படித்துக்கொள்ளலாம். பாக்கி வைக்காமல் கணக்குத் தீர்த்துவிட்டுக் கிளம்புகிறவளாகவே எனக்குத் தெரிந்தாள்.

சரி, அதற்காக அவளைப் புரட்சிக்காரி ஆக்கவும் எனக்கு மனசில்லை. பாத்தில் நன்றாகப் பாடி, வெளியூரிலிருந்து தனியாக அழைப்பு வந்தபோது, அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாட மாட்டேன் என்று மறுத்தவள் அவள். அந்த இடம் எழுதும்போது எனக்கும் எரிச்சல்தான். 1781இல் வில்லியம் யுரேனஸைக் கண்டுபிடித்து, அடுத்த வருஷம் அரசரின் சம்பளத்தில் முழுநேர வானியலுக்குப் போனதும் இவளுடைய பாட்டு அப்படியே நின்றுபோனது. தொலைநோக்கிக்கான கண்ணாடியைத் தேய்ப்பதிலிருந்து கையெடுக்க முடியாமல் பதினாறு மணி நேரம் அவர் நின்றபோது வாயில் சோறு ஊட்டுவதுபோல் உணவைத் துண்டு துண்டாகக் கொடுத்திருக்கிறாள். நன்றாகப் பழக்கிய நாய்க்குட்டி செய்வதைத்தான் நானும் செய்தேன் என்று பிற்காலத்தில் எழுதவும் செய்தாள்.

அந்த வரியை நான் முழுதாக நம்பவில்லை. காரணம் உங்கள் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

பெண் 'வயதுக்கு வருவது' என்றால் தமிழில் ஒரே அர்த்தம்தான், அது உடம்போடு முடிந்துவிடுகிறது. கரோலின் எப்போது வயதுக்கு வந்தாள் என்று தேடிக்கொண்டு போனேன். ஹானோவரிலும் இல்லை, பாத்திலும் இல்லை. 1786 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு, வில்லியம் ஜெர்மனிக்குப் போயிருந்த சமயம், இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் இருந்த வீட்டில் தன் சின்னத் தொலைநோக்கியோடு தனியாக இருந்தவள் ஒரு மங்கலான பொருளைப் பார்க்கிறாள். அடுத்த நாள் இரவு அது நகர்ந்திருக்கிறது. வால்விண்மீன். அண்ணன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, உடனே லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் செயலாளருக்குக் கடிதம் எழுதுகிறாள். பெருக்கல் வாய்ப்பாடு கடைசிவரை மனதில் நிற்காமல், அதைத் தாளில் எழுதிக் கையோடு வைத்திருந்தவள் இவள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுவருஷம் அரசரிடமிருந்து அவளுக்கே சம்பளம். அண்ணனுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு, இவளுக்கு 50. அக்டோபரில் முதல் காலாண்டுத் தொகை பன்னிரண்டு பவுண்டு பத்து ஷில்லிங் கைக்கு வருகிறது. என் விருப்பப்படி செலவழிக்க எனக்கு உரிமை உண்டு என்று வாழ்நாளில் நான் நினைத்த முதல் பணம் இதுதான் என்ற பொருளில் எழுதுகிறாள். நாய்க்குட்டி இப்படி எழுதாது, மீ. அப்போது அவளுக்கு 37 வயது. கதை அங்கே நின்றதற்கு அதுதான் கணக்கு.

அடுத்த பதிப்பில் ஜேக்கபின் கேலியைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன். பெட்டிக் காட்சி அப்படியே இருக்கட்டும். ஆனால் அம்மா பெட்டிக்குப் பதிலாக அலமாரியைத் திறந்து காலுறைகளைத் தடவிப் பார்த்திருக்க வேண்டுமோ என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா