‘கானா’ இரண்டும் ஒன்றாகக் கேட்கிறதா? காது பற்றிய கேள்வி-பதில்

நீலகிரி வெல்லிங்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ராணுவக் குடும்பங்களோடு 20 வருடமாக ஹிந்தி பேசியும், சாப்பாட்டு ‘கானா’வும் பாட்டு ‘கானா’வும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. காதில் கோளாறா?

இல்லை ஐயா. தொண்டையில் விரல் வைத்து ‘பங்கு’, ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் அதிர்வு நிற்காமல் ஓடும். இரண்டாவதில் நடுவே ஒரு கணம் அறுந்துபோகும். பாட்டு ‘கானா’வில் வருவது பங்கின் அதிரும் ககரம். சாப்பாட்டு ‘கானா’வில் வருவது அதிராத ககரம், கூடவே மூச்சுக்காற்று. ஆக, உங்கள் வாய்க்கு அந்த அதிர்வு புதிதல்ல. தமிழில் இதனால் பொருள் மாறாது, எழுத்தும் ஒன்றுதான் என்பதால் மூளை இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. ஹிந்திக்காரர்கள் பலருக்கு நம் ‘வலி’யும் ‘வழி’யும் அப்படித்தான்.

பழகினால் மாறும். ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’வைப் பிரிக்கத் தடுமாறும் ஜப்பானியருக்குப் பலர் குரலில் சொற்களைக் கேட்கவைத்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் சொல்லிச் சில வாரம் பழக்கினார்கள். 1991-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் தேறினார்கள். உங்கள் கடைக்கு எத்தனை குரல்கள் வருகின்றன! அவர்களையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கோத்தகிரியில் இருக்கிறோம். மகளுக்கு 8 மாதம். நாங்கள் பேசுவது படுகு மொழி, பக்கத்து வீட்டில் தமிழ். குழந்தை குழம்பிவிடும், ஒரே மொழி போதும் என்கிறார் மாமியார்.

குழம்பாதும்மா. ஹிந்தியின் ‘த’, ‘ட’ வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் நன்றாகவே பிரித்தறிந்தன. 10–12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் காட்டியது இது. உங்கள் மகளுக்கு இப்போது காது திறந்திருக்கும் வயது. பாட்டி படுகிலேயே கொஞ்சட்டும். ஆனால் டிவியை நம்பாதீர்கள். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நேரில் பேசியவரிடம் கற்றன. அதே ஆளை வீடியோவில் பார்த்தபோது கற்கவில்லை.

பெண்களின் காது கூர்மையாமே? என் கணவர் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. 25 வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. — வாசகி, குன்னூர்

சின்ன வித்தியாசம் உண்டு. தலையில் மின்முனை ஒட்டி ‘டிக்’ ஒலி கொடுத்தால், மூளைத்தண்டின் அலை பெண்களிடம் சுமார் 0.2 மில்லி நொடி முன்னதாக வரும். தலை, உள்காதின் அளவும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கூப்பிட்டது கேட்காததற்கு இது காரணமே அல்ல.

எனக்குக் கவலை ஃபேக்டரியில் தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷின்தான். இரைச்சல் முதலில் தின்பது மேல் ஸ்தாயி ஒலிகளை. ‘ச’, ‘ஸ்’ மங்கும். குரல் கேட்கும், சொல் புரியாது. ஒலியை உணரும் உள்காதின் மயிர் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. இந்த மாதமே ஆடியோகிராம் (காது கேட்கும் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கக் கூட்டிப்போங்கள். நாளை வேலைக்குப் போகும்போதே இயர் பிளக் போட்டுக்கொள்ளட்டும்.