'நம்ம பையன் சார்'

கேள்வி: வடமாநிலத் தொழிலாளர்களைப் போலீஸ் பிடித்து வந்து அடிப்பதைப் பற்றிப் போன இதழில் ரொம்பவே உருகியிருந்தீர்கள். என் வெள்ளிப் பட்டறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், தங்கமான பையன்கள். ஆனால் வெளியே திரிகிறவன் எப்படிப்பட்டவன் என்று யார் கண்டது? திருட்டு நடந்தால் நாலு தட்டுத் தட்டித்தானே விசாரிக்க முடியும்?
- பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பதில்: நாலு தட்டு என்கிறீர்கள். எண்ணியது யார்?

போன வருடம் செல்போன் தொலைந்து புகார் கொடுக்கப் போயிருந்தேன். நம் மாவட்டத்து ஸ்டேஷன்தான், எது என்பது இப்போது வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பையன்கள் ஜட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து ஏற்காட்டுக்குக் காப்பி பறிக்க வந்தவர்கள். "ஆதார் எங்கடா?" என்கிறார் ரைட்டர். பையன் மேஜையைக் காட்டுகிறான். ஆதார் அவன் போனுக்குள். போன் ரைட்டரின் டிராயருக்குள். நான் இருந்த முக்கால் மணி நேரமும் அது உள்ளே அடித்து அடித்து ஓய்ந்தது. மொழிபெயர்க்க எதிர்ச்சாரி பானிபூரிக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கே கை நடுக்கம். பையன் மூச்சுவிடாமல் சொன்ன அத்தனையையும் "தெரியாதாம் சார்" என்று முடித்துவிட்டார்.

அரெஸ்டா என்று கேட்டேன். "அரெஸ்ட் எல்லாம் இல்லீங்க, சும்மா விசாரிக்கக் கூட்டிட்டு வந்திருக்கோம்." எப்போது? "முந்தாநேத்து."

அந்தச் 'சும்மா'வில்தான் சூட்சுமம் இருக்கிறது. கைது என்று எழுதிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு அது. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் 1996இலேயே சொல்லிவிட்டது. கைதுக்கான காரணத்தைப் பிடிபட்டவனுக்குப் புரிகிற மொழியில், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்னதாகவாவது எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. புரிகிற மொழியில்! நம் ஸ்டேஷனில் பானிபூரிக்காரர்தான் அந்த மொழி. நோட்டில் ஏறாதவனுக்கு 24 மணி நேரக் கடிகாரம் ஓடுவதே இல்லை. மூன்றாம் நாள் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு போட்டோ வருகிறது. வாட்ஸ்அப்பில் அதற்குக் கைதட்டுகிறோம். (எல்லாக் குற்றவாளிக்கும் ஒரே மாதிரி வழுக்கும் பாத்ரூம்களை எந்தக் கான்ட்ராக்டர் கட்டினாரோ.)

போலீஸ் பிடியில் செத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும். 2025இல் மடப்புரத்தில் கோயில் காவலாளி. இவர்களுக்குச் சொந்த மொழி இருந்தது, சொந்தபந்தம் இருந்தது. அப்படியும் உயிர் போனது. செத்த பிறகாவது ஊர் திரண்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த இருவருக்கு எந்த ஊர் திரளும்?

நீங்கள் நம் மாவட்டத்து மலையூர் கருமந்துறைப் பக்கம் போனதுண்டா? செம்மரக் கடத்தல் கேஸ் என்று சொல்லிப் பாருங்கள். கூலிக்கென்று கூட்டிப்போன மலைக்காரர்கள் ஆந்திராவில் மாட்டி, தெலுங்கில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே கிடந்த கதைகள் வரும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. கடத்தல்காரர்கள் என்றார்கள் அவர்கள். கூலிக்காரர்கள் என்றோம் நாம். அந்த வாரம் இந்தப் பத்திரிகைக்கு வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'நாலு தட்டுத்தானே' என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இன்னொன்று. 'என் பையன்கள் தங்கம்' என்கிறீர்கள். ராத்திரி பரோட்டா வாங்கப் போன உங்கள் பையனை ரோந்து வண்டி அள்ளிக்கொண்டு போனால் நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். "நம்ம பையன் சார்" என்பீர்கள், விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கிறவனுக்கும் வெளியே வருகிறவனுக்கும் பல நேரம் அந்த மூன்று வார்த்தைதான் வித்தியாசம். அப்படிச் சொல்ல ஆளில்லாதவனுக்காகத்தான் இலவச சட்ட உதவி என்று ஒன்று வைத்திருக்கிறது சட்டம். போன் 15100. பட்டறைச் சுவரில் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

அப்படியே, பிடிபட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த ஆறு பேரிடமும் கேட்டதுண்டா? அவர்கள் முழுப் பெயர், ஊர், அம்மாவின் போன் நம்பர் உங்கள் நோட்டில் இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதிலும் உங்கள் பெயர் வேண்டாம்.